கழுத்தில் கத்தி, காதில் தாலாட்டு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், வெளிநாட்டு மேடை நாடகங்கள் பற்றியும் கேட்கலாம் என்று ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே நாடகத்தைச் சுற்றியே இருந்தன. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, முழுப் பகுதியையும் அதற்கே கொடுக்கிறேன்.

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் வேலை பார்க்கிறாள். அந்த ஊர் நாடக அரங்கத்தின் சீசன் பட்டியலை எனக்கு அனுப்பியிருந்தாள். ஒரு ஷேக்ஸ்பியர், ஒரு துப்பறியும் நாடகம், கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் நாடகம், அப்புறம் 'ஸ்வீனி டாட்'. கடைசியில் இருப்பது, சவரம் செய்ய வருகிறவர்களின் கழுத்தை அறுக்கும் ஒருவனின் கதையாம். அதுவும் பாட்டு நாடகமாம்! ஒரு சின்ன ஊர் அரங்கம் இதை ஏன் போடுகிறது?

பதில்: முதலில் உங்கள் மகளை அந்தக் கடைசி நாடகத்துக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள். அது சின்ன ஊர் அரங்கத்துக்கு ஒட்டாத சரக்கு என்று நீங்கள் நினைப்பது புரிகிறது, ஆனால் இன்று நாம் பார்க்கும் ஸ்வீனி டாட் கதை உருவானதே அப்படிப்பட்ட ஓர் ஊர் அரங்கத்தில்தான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெஞ்சமின் பார்க்கர் என்ற முடிதிருத்துபவன் லண்டனில் அழகான மனைவி, கைக்குழந்தை என்று வாழ்கிறான். அவன் மனைவி மேல் கண் வைத்த ஒரு நீதிபதி பொய்க் குற்றம் சாட்டி அவனை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்துகிறான். 15 வருடம் கழித்து ஸ்வீனி டாட் என்ற பெயரில் அவன் திரும்பி வருகிறான். கீழ்த்தளத்தில் மிஸஸ் லவெட் என்ற பெண்மணி 'பை' கடை நடத்துகிறாள், அதாவது மாவுக்குள் இறைச்சி வைத்து அடுப்பில் சுட்டெடுக்கும் பலகாரம். வியாபாரம் படுத்துக் கிடக்கிறது, இறைச்சி விலை கட்டுப்படியாகவில்லை. மேலே அவன் சவரக்கத்தியோடு பழிவாங்கக் காத்திருக்கிறான், கீழே அவளுக்கு இறைச்சி வேண்டும். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. முடிவை யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன், உங்கள் மகளும் தெரியாமலே போய்ப் பார்க்கட்டும்.

இப்போது அந்த ஊர் அரங்கம். இங்கிலாந்தின் நடுவே ஸ்டோக் ஆன் டிரென்ட் என்று பீங்கான் தொழிலுக்குப் பேர்போன நகரம். அங்கே ஒரு பழைய சினிமாக் கொட்டகையை மாற்றி 1962இல் விக்டோரியா தியேட்டரைத் தொடங்கினார்கள். மேடை நடுவில், பார்வையாளர்கள் நாலு பக்கமும். ஸ்டீஃபன் ஜோசஃப் என்பவரின் கனவு அது, நடத்திக் காட்டியவர் பீட்டர் சீஸ்மன். சீஸ்மனின் குழு அந்த ஊர் மக்களையே டேப் ரெக்கார்டரில் பேச வைத்து, அந்தப் பேச்சிலிருந்து நாடகம் கட்டியது. உள்ளூர் ரயில் கம்பெனியின் கதையை 1966இல் அப்படித்தான் மேடையேற்றினார்கள். ஊரின் நாடகம் ஊருக்கு என்பதை முழு மனதோடு நம்பிய இடம்.

1960கள் முடியும் சமயத்தில் அந்தக் குழுவில் கிறிஸ்டோபர் பாண்ட் என்ற இளம் நடிகர் இருந்தார். அடுத்து 'ஸ்வீனி டாட்' போடப்போகிறோம் என்று அரங்கம் அறிவித்துவிட்டது. விக்டோரியா ராணி காலத்துப் பழைய ரத்தக்களரி நாடகம், எல்லோருக்கும் பேர் தெரியும், கூட்டம் வரும். ஆனால் பிரதி கைக்கு வந்ததும் வயிற்றைக் கலக்கியது. கதையே இல்லை, ஆட்களுக்குக் குணமும் இல்லை. அறிவித்ததை மாற்ற முடியாது. சரி, நானே புதிதாக எழுதுகிறேன் என்று பாண்ட் உட்கார்ந்தார். சீசனில் ஒரு ஓட்டை விழாமல் இருக்க அவசரமாக எழுதிய பிரதி அது, அதன் மேல்தான் பிற்பாடு அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீஃபன் சோன்ட்ஹைமின் இசை நாடகம் எழுந்தது.

கேள்வி: சீசன் பட்டியலை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? நம்மைப் போல சபாக்காரர்கள் குழுவைக் கூப்பிடுவது போலவா?

பதில்: கொஞ்சம் வேறு. வெளியூரிலிருந்து சுற்றுப்பயணமாக வரும் நாடகங்களை வாங்கிப் போடும் அரங்கங்கள் அங்கேயும் உண்டு. ஆனால் நாம் பேசும் வகையில் அரங்கமே தயாரிப்பாளர். தச்சுப் பட்டறை, தையல் அறை, ஒத்திகை அறை எல்லாம் அதே கட்டடத்தில் அல்லது பக்கத்துத் தெருவில் இருக்கும். கலை இயக்குநர் என்று ஒருவர் இருப்பார், என்ன நாடகம் என்பது அவர் முடிவு. கணக்குப் பார்க்கும் நிர்வாகி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இது வசூலாகுமா, இதற்கு எத்தனை பேர் சம்பளம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

பட்டியல் என்பது ஒரு தராசு. கிறிஸ்துமஸ் சமயத்துப் பிள்ளைகள் நாடகம்தான் பல அரங்கங்களில் வருடத்தின் பெரிய வசூல், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வந்து இறங்குவார்கள். அதில் வரும் பணம்தான், யாரும் பேர் கேட்டிராத ஒரு புதிய எழுத்தாளரின் நாடகத்தை வசந்த காலத்தில் தாங்குகிறது. துப்பறியும் நாடகமும் நகைச்சுவையும் நிச்சயமான டிக்கெட். ஷேக்ஸ்பியர் என்றால் மாணவர்கள் வருவார்கள். இவற்றுக்கு நடுவில் ஓர் இசை நாடகம் வைப்பது பெரிய துணிச்சல், ஏனென்றால் வாத்தியக்காரர்கள், ஒலி அமைப்பு, உரிமத் தொகை என்று செலவு ஏறிக்கொண்டே போகும். அப்படியும் ஸ்வீனி டாட்டை வைக்கிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது. பேர் எல்லோருக்கும் தெரியும், இசை உயர்ந்த தரம், நடிகர்களுக்கு வாழ்நாள் வேடம், பெரிய கூட்டத்தோடும் போடலாம், பத்துப் பேரோடும் போடலாம்.

இந்த அமைப்புக்கு நூறு வருடத்துக்கு மேல் வயது. ஆனி ஹார்னிமன் என்ற பெண்மணி மான்செஸ்டரில் கெய்ட்டி தியேட்டரை வாங்கி 1908இல் ஒரு நிரந்தரக் குழுவை உட்கார வைத்தார். லிவர்பூலில் 1911, பர்மிங்காமில் 1913. அப்புறம் வாரம் ஒரு நாடகம் என்ற பழக்கம் பரவியது. இன்றைக்கு ராத்திரி ஒரு நாடகம், பகலில் அடுத்த வாரத்து நாடகத்துக்கு ஒத்திகை, படுக்கப் போகுமுன் அதன் வசனத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். இங்கிலாந்தின் எத்தனையோ பெரிய நடிகர்கள் அந்த உலையில் வெந்து வந்தவர்கள்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்து 1946இல் ஆர்ட்ஸ் கவுன்சில் வந்ததும் அரசுப் பணம் கிடைத்தது, மூன்று நாலு வாரம் ஒத்திகை பார்க்க நேரமும் கிடைத்தது.

அமெரிக்காவில் இன்னொரு வழி. டல்லாஸில் மார்கோ ஜோன்ஸ் 1947இல் ஒன்று தொடங்கினார், அதே வருடம் ஹூஸ்டனில் ஆலி தியேட்டர், 1950இல் வாஷிங்டனில் அரீனா ஸ்டேஜ், 1963இல் மினியாபோலிஸில் கத்ரி. இவை சந்தா முறையை நம்பி வளர்ந்தன: வருடத்து ஐந்தாறு நாடகங்களுக்கும் சேர்த்து முன்பணம் கட்டிவிடுவார்கள். அதனால் சீசன் தொடங்கும் முன்பே அரங்கத்தின் கையில் காசு இருக்கும். தனியாக விற்றால் யாரும் வாங்காத ஒரு நாடகத்துக்கும் ஆள் வந்து உட்காருவார், ஏற்கெனவே பணம் கட்டியாயிற்று அல்லவா. இந்த முறையால் எத்தனை நல்ல நாடகங்கள் தப்பிப் பிழைத்தன என்று நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது. இப்போது இரு நாடுகளிலும் முன்கூட்டி வாங்கும் பழக்கம் குறைந்துவருகிறது. உங்கள் ஊரில் இப்படி ஓர் அரங்கம் இருந்தால் சீசன் சீட்டு வாங்குங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

கேள்வி: ஸ்வீனி டாட் நிஜமாக வாழ்ந்தவன் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். தூக்கில் போட்ட வருடம்கூடச் சொன்னார்கள்.

பதில்: நம்பாதீர்கள். பீட்டர் ஹெய்னிங் என்ற எழுத்தாளர் அவன் பிறப்பு, விசாரணை, 1802இல் தூக்கு என்று எல்லாவற்றையும் எழுதினார். ஆனால் லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்ற வழக்குகளின் பதிவுகள் இன்றும் இருக்கின்றன, அவற்றில் அப்படி ஒரு வழக்கே இல்லை. அத்தனை கொலை செய்த ஒருவன் தூக்கில் தொங்கியிருந்தால் அந்தக் காலத்துப் பத்திரிகைகள் சும்மா விட்டிருக்குமா?

அவன் பிறந்தது அச்சுக்கூடத்தில். எட்வர்ட் லாய்ட் என்ற பதிப்பாளர், டிக்கன்ஸின் கதைகளைக் காப்பியடித்து மலிவாக விற்றுப் பேர் வாங்கியவர், அவருடைய வாரப் பத்திரிகையில் 1846 நவம்பர் 21 முதல் 1847 மார்ச் 20 வரை 18 வாரம் வந்த தொடர்கதைதான் 'முத்துச்சரம்'. யார் எழுதியது என்று பேர் போடவில்லை. ஜேம்ஸ் மால்கம் ரைமர் என்றும் தாமஸ் பெக்கெட் பிரெஸ்ட் என்றும் சொல்கிறார்கள். ரைமர் பக்கம்தான் இப்போது அதிகம் பேர் சாய்கிறார்கள்.

தொடர் முடியும் முன்பே ஜார்ஜ் டிப்டின் பிட் என்பவர் அதை நாடகமாக்கி ஹாக்ஸ்டனில் உள்ள பிரிட்டானியா தியேட்டரில் ஏற்றிவிட்டார். அடுத்த வாரம் என்ன என்று வாசகர்கள் காத்துக்கொண்டிருக்கும்போதே மேடையில் முடிவு! 'உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது' என்று விளம்பரமும் செய்தார்கள். நிஜமாக வாழ்ந்தவன் என்ற நம்பிக்கைக்கு அந்த விளம்பரம் நல்ல விதை போட்டது.

ஆனால் கதை பொய் என்றாலும் அதற்குள் இருக்கும் பயம் நிஜம். கிராமத்திலிருந்து லட்சக்கணக்கில் ஜனங்கள் லண்டனுக்கு வந்த காலம். ஊரில் கறி வெட்டியவர் யார், ரொட்டி சுட்டவர் யார் என்று தெரியும். இங்கே முகம் தெரியாதவன் கையில் பலகாரம் வாங்கித் தின்ன வேண்டும். டிக்கன்ஸின் 'பிக்விக்' நாவலிலேயே பூனைக்கறியைப் பலகாரத்தில் வைக்கும் ஆளைப் பற்றி ஒரு பாத்திரம் பேசும். 1850களில் ஆர்தர் ஹசல் என்ற மருத்துவர் லண்டன் கடைகளின் உணவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, என்னென்ன கலப்படம் என்று 'லான்செட்' மருத்துவ இதழில் கடைக்காரர் பெயரோடு எழுதினார், அதன் பிறகு 1860இல்தான் கலப்படத்துக்கு எதிராகச் சட்டமே வந்தது. அதோடு, முகம் தெரியாத ஒருவன் கத்தியைப் பிடித்திருக்க, தலையைப் பின்னால் சாய்த்துக் கழுத்தைக் காட்டுகிறோமே, அதை யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: அந்தப் பழைய தொடர்கதையும் நாடகமும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. தொடர்கதையின் டாட் வெறும் பேராசைக்காரன். முத்துச்சரம் வைத்திருக்கும் ஒரு கடற்படை அதிகாரி சவரத்துக்கு வருகிறான், நாற்காலி தலைகீழாகக் கவிழ்கிறது, ஆள் பாதாள அறையில் விழுகிறான். பணத்துக்காகக் கொலை, அவ்வளவுதான். இன்றைய நாடகத்தில் வரும் ஜோஹானா, டோபியாஸ் என்ற பெயர்கள் அதிலேயே இருக்கின்றன. ஆனால் பெஞ்சமின் பார்க்கர் இல்லை, நீதிபதி இல்லை, பழி இல்லை.

அதையெல்லாம் கொண்டுவந்தவர் பாண்ட். அநியாயமாகச் சிறைப்பட்டவன் வேறு பெயரில் திரும்பிவந்து பழிதீர்ப்பதை டூமாவின் 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' நாவலிலிருந்தும், பழிவாங்கும் வெறியின் வேகத்தைப் பழைய ஆங்கில நாடகங்களிலிருந்தும் எடுத்தார். மேட்டுக்குடிப் பாத்திரங்களைச் செய்யுள் நடையில் பேசவிட்டார், லவெட்டைச் சந்தைக்காரியின் வாயோடு பேசவிட்டார். இந்த ஒரு மாற்றத்தால் கதையின் எடையே கூடியது. பேராசைக்காரனைப் பார்த்து நாம் பயப்படுவோம். இவனைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, அப்புறம் பயமாக இருக்கிறது, அப்புறம் அவன் கத்தி அந்த நீதிபதியின் கழுத்தில் இறங்கட்டும் என்று நாமே வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்! நாடு கடத்தலும் வெறும் கற்பனை இல்லை. 1788 முதல் 1868 வரை பிரிட்டன் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய கைதிகள் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல், அதில் எத்தனையோ பேர் சில்லறைத் திருட்டுக்காகப் போனவர்கள்.

கேள்வி: ஸ்டோக் நகரத்து நாடகம் நியூயார்க்குக்கு எப்படிப் போனது?

பதில்: ஒரு மாலைப்பொழுதால். பாண்டின் நாடகத்தை 1973இல் லண்டனின் கிழக்குப் பகுதியில் உள்ள தியேட்டர் ராயல் ஸ்ட்ராட்ஃபோர்ட் ஈஸ்ட் எடுத்துப் போட்டது. அதுவும் பெரிய வணிக அரங்கம் கிடையாது, தொழிலாளர் குடியிருப்பின் நடுவில் உள்ள அரங்கம். சோன்ட்ஹைம் பாட்டெழுதிய 'ஜிப்ஸி' என்ற இசை நாடகம் அதே சமயம் லண்டனில் ஏறியது, அதற்காக வந்திருந்தவர் ஸ்ட்ராட்ஃபோர்டுக்கும் போனார். பார்த்ததும் பிடித்துப்போயிற்று.

முதலில் பாண்டின் பிரதிக்கே நேராக இசை அமைக்கப் பார்த்தார். கொஞ்சப் பக்கத்துக்கே இசை எக்கச்சக்கமாக நீண்டுவிட்டது. பிறகு ஹ்யூ வீலர் வந்து வசனத்தைச் செதுக்கிக் கொடுத்தார். ஹால் பிரின்ஸ் இயக்கம். 1979 மார்ச் 1 அன்று நியூயார்க்கின் பெரிய நாடக அரங்கங்கள் இருக்கும் பிராட்வேயில், யூரிஸ் தியேட்டரில் தொடக்கம், லென் காரியூ டாட், ஏஞ்சலா லான்ஸ்பரி லவெட். 557 காட்சிகள், பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுகள் எட்டு. அடுத்த வருடம் லண்டனுக்குக் கொண்டுபோனபோது 157 காட்சிகளோடு நின்றுவிட்டது. லண்டன்காரனின் கதை லண்டனிலேயே அப்போது எடுபடவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம். 1985இல் லண்டனின் ஹாஃப் மூன் தியேட்டரில் அந்த இசை நாடகத்தை இயக்கியது யார் தெரியுமா? அதே கிறிஸ்டோபர் பாண்ட்.

கேள்வி: பாட்டுப் பாடிக்கொண்டு எப்படிப் பயமுறுத்த முடியும்? பாட்டு வந்தால் பயம் போய்விடாதா?

பதில்: நான் ரொம்ப நாள் காத்திருந்த கேள்வி இது.

நம் பழைய இசை நாடகங்களை நினைத்துக்கொள்ளுங்கள், வசனம் கொஞ்சம், பாட்டு நிறைய. இதுவும் அப்படித்தான், முக்கால் பங்குக்கு மேல் பாட்டும் இசையும்தான். தொடக்கத்தில் கூட்டமாக வந்து நின்று, இவன் கதையைக் கேளுங்கள் என்று பாடுவார்கள், தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து கதைக்குள் நம்மை இழுப்பது போல. அந்தக் கூட்டம் நாடகம் முழுக்க விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கும்.

சோன்ட்ஹைமுக்குப் பதினைந்து வயது இருக்கும்போது 'ஹேங்ஓவர் ஸ்கொயர்' என்ற படம் வந்தது, 1945. லண்டனில் வாழும் ஓர் இசையமைப்பாளன், தன்னை அறியாமல் கொலை செய்கிறவன். இசை பெர்னார்ட் ஹெர்மன், பின்னாளில் 'சைக்கோ' படத்தின் வயலின் கீச்சலைப் போட்டவர். பையன் அந்த இசையில் மயங்கி ஹெர்மனுக்குக் கடிதமே எழுதினான். முப்பது வருடம் கழித்து ஸ்வீனி டாட்டின் இசையில் அந்த ஹெர்மன் சாயல் அடியோட்டமாக ஓடுகிறது. தீர்ந்து அமையாத சுருதிகள், பாட்டு முடிந்தும் கீழே ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு நடுக்கம். அதனால் மேடையில் ஒன்றுமே நடக்காதபோதும் நமக்கு நிம்மதி கிடைப்பதில்லை. கிறிஸ்தவ மரபில் இறந்தவர்களுக்காகப் பாடும் 'டியெஸ் இரே' என்ற பழைய மெட்டையும் அவர் உடைத்தும் திருப்பியும் உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார். கூடவே ஓர் ஆலைச் சங்கு. காதைக் கிழிக்கும் அந்தச் சத்தம் முதல் முறை வரும்போது அரங்கமே தூக்கிவாரிப்போடும், அதன் பிறகு எப்போது வருமோ என்று உடம்பு காத்திருக்க ஆரம்பித்துவிடும்.

இதையெல்லாம் விட முக்கியம், அவர் பயங்கரத்துக்குப் பயங்கர இசை போடவில்லை என்பது. இரண்டாம் பாகத்தில் ஓர் இடம். டாட் தன் மகளை நினைத்துப் பாடுகிறான். இனி உன்னைப் பார்க்கவே மாட்டேனோ என்ற ஏக்கம், தாலாட்டு மாதிரி மெட்டு. பாடிக்கொண்டே வருகிறவர் கழுத்தில் துண்டைச் சுற்றுகிறான், சோப்பு நுரை பூசுகிறான், அறுக்கிறான், நாற்காலியைக் கவிழ்க்கிறான். குரல் ஏறவில்லை, தாளம் தப்பவில்லை. அடுத்த ஆள் வருகிறார். மகளுக்கான பாட்டு அப்படியே போகிறது. இவன் மனசு செத்துவிட்டது என்பதை எந்த வசனமும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது. எனக்கு அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் கண் கலங்கும், கழுத்தும் கூசும், இரண்டும் ஒரே நேரத்தில்.

முதல் பாகத்தின் கடைசிப் பாட்டு நேரெதிர். டாட்டும் லவெட்டும் எந்தத் தொழில்காரனின் இறைச்சி எப்படி ருசிக்கும் என்று துள்ளலான மெட்டில் சிலேடையாக அடுக்கிக்கொண்டே போவார்கள். காளமேகத்தை ரசித்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாட்டு நிச்சயம் பிடிக்கும். நாம் வாய்விட்டுச் சிரிக்கிறோம், பாட்டு முடிந்து விளக்கு அணைந்ததும்தான் எதற்குச் சிரித்தோம் என்பது உறைக்கிறது. பெரியவன் சின்னவனைத் தின்கிற உலகம்தானே இது, அதை நாங்கள் அப்படியே செய்கிறோம் என்பதுதான் அவர்களின் வாதம்.

கேள்வி: பிரம்மாண்டமான மேடையில் பார்ப்பது நல்லதா, சின்ன அரங்கிலா?

பதில்: சின்னதில். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

பிரின்ஸ் அதைத் தொழிற்புரட்சியின் கதையாகப் பார்த்தார். மனிதனை அரைத்துத் தள்ளும் ஆலை என்ற எண்ணம். அதனால் மேடை அமைத்த யூஜின் லீ, ரோட் ஐலண்டில் இருந்த பழைய இரும்பு வார்ப்பாலைப் பாகங்களைக் கொண்டுவந்து யூரிஸின் பெரிய மேடையை நிரப்பினார். அந்த அரங்கில் ஏறக்குறைய 1,900 இருக்கைகள். பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் சோன்ட்ஹைம் முதலில் மனதில் வைத்திருந்தது நெருக்கத்தில் உட்கார்ந்து நடுங்க வைக்கும் ஒரு சின்ன திகில் நாடகம்.

அந்த ஆசையை நிறைவேற்றியது திரும்பவும் ஓர் ஊர் அரங்கம்தான். நியூபரி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாவு ஆலையை மாற்றிக் கட்டிய வாட்டர்மில் தியேட்டர், சுமார் 200 இருக்கைதான். 2004இல் ஜான் டாயில் என்ற இயக்குநர் அங்கே ஸ்வீனி டாட் போட்டார். வாத்தியக் குழுவுக்கு இடமும் இல்லை, பணமும் இல்லை. அதனால் நடிகர்களே வாசித்தார்கள். கொலை செய்கிறவன், சாகிறவன், காதலிக்கிறவள் எல்லோரும் கையில் ஒரு வாத்தியத்தோடு. 1979இல் 26 பேர் வாசித்த இசை இது! பணம் இல்லாத குறையே ஒரு புதுப் பார்வையைக் கொடுத்துவிட்டது. அந்தத் தயாரிப்பு லண்டனுக்குப் போய், 2005இல் பிராட்வேக்கும் போனது, அங்கே வெறும் பத்து நடிகர்கள், மைக்கேல் செர்வெரிஸ் கிடார் வாசித்தார், பட்டி லுபோன் டியூபா என்ற பெரிய பித்தளை வாத்தியத்தை ஊதினார். டாயிலுக்கு இயக்கத்துக்கான டோனி கிடைத்தது.

இன்னும் சின்னது உண்டு. 2014இல் லண்டன் டூட்டிங் பகுதியில் ஒரு நிஜமான பை கடைக்குள்ளேயே போட்டார்கள், 32 பேர் மட்டும் உட்காரலாம். நடிகரின் மூச்சுக்காற்று படும் தூரம். அது பிறகு நியூயார்க்கில் பாரோ ஸ்ட்ரீட் தியேட்டருக்கு 2017இல் போனபோது அரங்கத்தையே பை கடையாக மாற்றினார்கள், முன்பு வெள்ளை மாளிகையில் பலகாரம் செய்த சமையல் கலைஞர் பார்வையாளர்களுக்குப் பை சுட்டுக் கொடுத்தார். 2023இல் ஜாஷ் குரோபனை வைத்துப் பிராட்வேயில் மறுபடி பெரிய வாத்தியக் குழுவோடு வந்தது, அதுவும் நன்றாக ஓடியது. ஆனாலும் உங்கள் மகளின் ஊர் அரங்கம் எத்தனை சின்னதோ அத்தனை அதிர்ஷ்டம் அவளுக்கு.

கேள்வி: எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போகலாமா?

பதில்: வேண்டாம். ரத்தம் மட்டும் காரணமில்லை. நீதிபதி அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் கொடுமை பெரியவர்களுக்கே தாங்காது. பதினைந்து வயதுக்கு மேல் என்றால் கூட்டிப்போய், பிறகு உட்கார்ந்து பேசுங்கள்.

கேள்வி: ஜானி டெப் நடித்த படத்தைப் பார்த்துவிட்டேன். அது போதாதா?

பதில்: 2007இல் வந்த டிம் பர்ட்டன் படம் எனக்கும் பிடிக்கும், அதன் நிறமும் முகங்களும். ஆனால் நான் சொன்னேனே, கதையைக் கேளுங்கள் என்று நம்மை அழைக்கும் கூட்டம், அந்தப் பாட்டைப் படத்தில் எடுத்துவிட்டார்கள். லவெட்டின் நகைச்சுவையும் பாதி போயிற்று. மேடையில் சிரிப்பும் பயமும் மாறி மாறி வரும், படம் முழுக்க இருட்டு. நேரில் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் வெளிநாட்டில் ஓர் அமெச்சூர் நாடகக் குழு. இதைப் போட ஆசை. என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் உரிமம். மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம்தான் கொடுக்கிறது, எழுதிக் கேளுங்கள். உரிமம் வரும்வரை ஒத்திகையும் வேண்டாம், விளம்பரமும் வேண்டாம். உங்கள் விருப்பத்துக்குப் பாட்டை வெட்டவோ வரியை மாற்றவோ கூடாது. மாணவர்களுக்கு என்று தனியாக ஒரு பள்ளிப் பதிப்பு இருக்கிறது, குரல் சிரமம் குறைத்தது, இளையவர்கள் அதிகம் இருந்தால் அதைப் பாருங்கள். ஏனென்றால் பாடுவது நிஜமாகவே கடினம். லவெட் முதல் பாட்டில் மாவைப் பிசைந்துகொண்டே, ஈயை அடித்துக்கொண்டே, மூச்சு விட இடமில்லாமல் பாட வேண்டும், ஒவ்வொரு அடியும் தாளத்தில் விழ வேண்டும்.

கத்தி விஷயத்தில் மட்டும் தயவுசெய்து விளையாடாதீர்கள். நிஜ சவரக்கத்தியை மழுக்கி, டேப் சுற்றி, சமாளித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 2016இல் நியூசிலாந்தில் ஒரு பள்ளி மேடையில் இதே நாடகத்தில் இரண்டு மாணவர்களுக்குக் கழுத்தில் காயம் பட்டு மருத்துவமனைக்குப் போனார்கள். மேடைக்கென்றே செய்த, விளிம்பே இல்லாத கத்தியை வாங்குங்கள், நாற்காலிக்கும் கதவுப் பொறிக்கும் ஒரு தனி ஆளை நிறுத்துங்கள், முதல் வாரத்திலிருந்தே அதோடு ஒத்திகை பாருங்கள்.

கேள்வி (முதல் கடிதம் எழுதிய அதே வாசகி, இரண்டாவது கடிதத்தில்): மகள் டிக்கெட் எடுத்துவிட்டாளாம், என்னையும் கேட்கச் சொல்கிறாள். போகும் முன் எதைக் கேட்கலாம்? கதை கெட்டுவிடக் கூடாது.

பதில்: சந்தோஷம்! 1979 மேடைக் குழுவின் ஒலிப்பதிவு இருக்கிறது, காரியூவும் லான்ஸ்பரியும் பாடியது. முழுக்கக் கேட்காதீர்கள். தொடக்கத்தில் கூட்டம் பாடும் பாட்டு, லவெட்டின் முதல் பாட்டு, டாட் தன் பழைய கத்திகளைக் கையில் எடுத்துத் தோழர்களிடம் பேசுவது போலப் பாடும் பாட்டு, இந்த மூன்று போதும். விளக்கை அணைத்துவிட்டு, முதல் பாட்டுக்கு முன்னால் வரும் ஆர்கனிலிருந்து கேளுங்கள். ஒலியளவை மட்டும் ரொம்ப ஏற்றி வைக்காதீர்கள், சங்கு ஊதும்.